ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடரில் கார்ப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டிலிருந்து வடக்கே நான்கைந்து மணி நேரம் ஓட்டினால் கோதுமை வயல் முடிந்து செம்மண் தொடங்கும். அங்கே எழும்புவதுதான் ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடர். ஹாக்கர், குவார்ன், வில்பீனா, ப்ளின்மன், பராச்சில்னா என்ற ஐந்து பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அவற்றுக்கு நடுவில் வந்துவிடும். சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ குடும்பத்தோடு போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எந்த மாதத்தில் போவது நல்லது?

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. அதிலும் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் அருமை. குளிர்காலத்தில் மழை பெய்திருந்தால் மலையடிவாரம் காட்டுப்பூவால் நிறைந்திருக்கும், ஓடைகளில் கொஞ்சம் தண்ணீரும் இருக்கும். ஜூன், ஜூலையில் பகல் வெயில் இதமாக இருந்தாலும் இரவு பூஜ்ஜியம் டிகிரி வரை இறங்கும். கூடாரத்தில் தங்குகிறவர்கள் அதற்கேற்ற போர்வை கொண்டுபோக வேண்டும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டாம். 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். நடைபாதைகளில் ஏறுவது ஆபத்து, தீ அபாயம் உச்சத்துக்குப் போகும் நாளில் தேசியப் பூங்காவையே மூடிவிடுவார்கள். பள்ளி விடுமுறை வாரங்களில் போவதானால் தங்குமிடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஊர்கள் சின்னவை, ஹாக்கரில் இடம் இல்லையென்றால் அடுத்த ஊர் 66 கி.மீ. தள்ளி இருக்கிறது.

எத்தனை நாள் வேண்டும்?

அடிலெய்டிலிருந்து கிளம்பினால் குறைந்தது மூன்று இரவு. இரண்டு இரவு என்றால் முதல் நாளும் கடைசி நாளும் பயணத்திலேயே போய்விடும், மிஞ்சுவது ஒரு பகல். சனி, ஞாயிறு மட்டும் கையில் இருக்கிறது என்றால் வில்பீனாவை விட்டுவிட்டு குவார்னோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். இந்த மலையில் பார்க்க வேண்டிய ஒற்றை இடம் என்று எதுவும் கிடையாது. ரோடும், ரோட்டோரம் நிறம் மாறும் பாறையும்தான் காட்சி. அவசரத்தில் போனால் வெறும் வறண்ட குன்றுகளைப் பார்த்த ஞாபகம்தான் மிஞ்சும்.

அடிலெய்டிலிருந்து எந்த வழியாகப் போவது?

இரண்டு வழி உண்டு. போகும்போது ஒன்று, வரும்போது மற்றொன்று எடுப்பது நல்லது.

உள்நாட்டு வழி: க்ளேர், ஜேம்ஸ்டவுன், ஓரரூ, கேரிட்டன், க்ரடாக், ஹாக்கர். ஹாக்கருக்கு ஏறக்குறைய 400 கி.மீ., முழுவதும் தார் ரோடு. க்ளேருக்கு வடக்கே இந்தச் சாலைக்கு ஆர்.எம். வில்லியம்ஸ் வே என்று பெயர். குதிரைக்காரர்கள் போடும் பூட்ஸுக்குப் பெயர்போன அந்த மனிதர் 1908-ல் ஜேம்ஸ்டவுன் பக்கத்தில் பிறந்தவர். ஓரரூவில் ஒரு பிரம்மாண்டமான ரிவர் ரெட் கம் (யூகலிப்டஸ் வகை) மரம் இருக்கிறது, கால் நீட்டிக்கொள்ள நல்ல இடம்.

கடற்கரைப் பக்க வழி: போர்ட் வேக்ஃபீல்ட், போர்ட் அகஸ்டா, அங்கிருந்து பிச்சி ரிச்சி கணவாய் ஏறி குவார்ன், பிறகு ஹாக்கர். நெடுஞ்சாலை அகலமானது, வேகமாகப் போகலாம், ஆனால் லாரி அதிகம், பார்க்கக் கொஞ்சம்தான். போர்ட் அகஸ்டாவுக்கும் குவார்னுக்கும் இடையே உள்ள 40 கி.மீ. மட்டும் விதிவிலக்கு. பழைய ரயில் பாதை ரோட்டைக் குறுக்கிட்டும் ஒட்டியும் கூடவே வரும்.

ஃபோர் வீல் டிரைவ் கட்டாயமா?

இல்லை. ஹாக்கரிலிருந்து வில்பீனா வரைக்கும், அங்கிருந்து ப்ளின்மன் வரைக்கும் தார். ஹாக்கரிலிருந்து பராச்சில்னா போகும் நெடுஞ்சாலையும் தார். சாதாரண காரில் இவ்வளவையும் கவலையில்லாமல் பார்க்கலாம்.

பிரச்சீனா பள்ளத்தாக்கு, பன்யிரூ பள்ளத்தாக்கு, பராச்சில்னா பள்ளத்தாக்கு, மொரலானா சீனிக் டிரைவ், இந்த நான்கும் மண், சரளை ரோடுகள். தரை காய்ந்திருந்தால் சாதாரணக் காரிலும் போகிறவர்கள் உண்டு. பிரச்சினை நான்கு சக்கர இழுவையில் இல்லை, வண்டிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியில்தான். பிரச்சீனாவிலும் பன்யிரூவிலும் ரோடு பல இடங்களில் ஓடைப்படுகைக்குள்ளேயே இறங்கிப் போகும். உருண்டைக் கற்கள் தலைதூக்கி நிற்கும். தாழ்வான செடானின் வயிற்றில் அவை உரசும். உயரமான எஸ்யூவி இருந்தால் நிம்மதி.

வாடகைக் காரில் சரளை ரோட்டில் போகலாமா?

ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் தார் போடாத ரோட்டுக்கு இரு சக்கர இழுவைக் காரை எடுத்துப் போகத் தடை இருக்கும். மீறினால் காப்பீடு செல்லாது, கண்ணாடியில் ஒரு கல் பட்டாலும் முழுச் செலவும் நம் தலையில். ஃபோர் வீல் டிரைவ் எடுத்தாலும் 'எந்த ரோடுகள்' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நகரத்துக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டினால் காப்பீடு கிடையாது என்ற வரியும் சில ஒப்பந்தங்களில் ஒளிந்திருக்கும்.

வண்டியை வாங்கும்போது பின்பக்க மூடியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். முழு அளவு சக்கரமா, சின்ன தற்காலிகச் சக்கரமா, அல்லது வெறும் பஞ்சர் பசையும் பம்பும்தானா? பசை மட்டும் இருக்கிற வண்டியை இந்த ஊருக்குக் கொண்டுவராதீர்கள். இங்கே டயர் கிழிவது பெரும்பாலும் பக்கச்சுவரில். பசை அதை அடைக்காது.

ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது. எந்தச் சுற்று?

வில்பீனாவில் தொடங்கி வில்பீனாவில் முடியும் இந்தச் சுற்று: வில்பீனா, பிரச்சீனா பள்ளத்தாக்கு, நெடுஞ்சாலை வழியாகப் பராச்சில்னா, பராச்சில்னா பள்ளத்தாக்கு, ப்ளின்மன், மறுபடி வில்பீனா. ஏறக்குறைய 170 கி.மீ. நிற்காமல் ஓட்டினால் மூன்றரை மணி நேரம், நின்று பார்த்துப் போனால் ஒரு முழுப் பகல். காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

கடிகார முள் சுற்றும் திசையில் போவதற்குக் காரணம் இருக்கிறது. ப்ளின்மன் ரோட்டில் இருந்து திரும்பி பிரச்சீனாவுக்குள் கிழக்கிலிருந்து மேற்காகப் போனால் காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கண் கூசாது, எதிரே இருக்கும் செம்பாறைச் சுவரில் வெளிச்சம் நேராக விழும். மாலையில் இதே திசையில் வந்தால் சூரியன் முகத்துக்கு நேரே. தூசி படிந்த முன்கண்ணாடியில் அந்த வெயில் பட்டால் ரோடே தெரியாது.

பள்ளத்தாக்கைத் தாண்டினால் மலை சட்டென்று முடிந்து சமவெளி. அங்கே வலது பக்கம் திரும்பினால் பராச்சில்னா. ஊர் என்று சொல்வது மரியாதைக்காகத்தான், மதிய உணவுக்கு இருக்கும் ப்ரேரி ஹோட்டலும் சில வீடுகளும்தான். கங்காரு, ஈமு, ஒட்டகம் எல்லாம் தட்டில் வரும் இடம் என்று பெயர் வாங்கியது. திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பராச்சில்னாவிலிருந்து ப்ளின்மனுக்கு 32 கி.மீ. மண் ரோடு. இந்தப் பள்ளத்தாக்கில்தான் 1,200 கி.மீ. நீளமுள்ள ஹெய்சன் நடைபாதை முடிகிறது. தெற்கே கேப் ஜெர்விஸ் கடற்கரையில் தொடங்குவது. ஹான்ஸ் ஹெய்சன் என்ற ஓவியர் இந்த மலைகளையும் கம் மரங்களையும் வரைந்து வரைந்து ஊருக்குக் காட்டியவர். ஓடைக்கரையில் நிற்கும் அந்தத் தடித்த, வெளுத்த, பட்டை உரிந்த மரங்களைப் பார்த்தால் அவர் ஏன் விடாமல் வரைந்தார் என்று புரியும்.

ப்ளின்மனில் 1859-ல் ராபர்ட் ப்ளின்மன் என்ற ஆட்டிடையர் தாமிரத் தாதுவைக் கண்டுபிடித்தார். அந்தச் சுரங்கத்துக்குள் வழிகாட்டியோடு இறங்கிப் பார்க்கலாம். அங்கிருந்து வில்பீனாவுக்கு 60 கி.மீ. தார் ரோடு. வழியில் 'கிரேட் வால் ஆஃப் சைனா' என்று அழைக்கப்படும் பாறை முகடு, பிறகு ஸ்டோக்ஸ் ஹில் காட்சிமுனை, ஹக்ஸ் காட்சிமுனை. நேரம் குறைவென்றால் ஸ்டோக்ஸ் ஹில்லை மட்டுமாவது விடாதீர்கள்.

பன்யிரூ பள்ளத்தாக்கை இதில் சேர்க்க முடியாதா?

முடியும். ஆனால் பன்யிரூ ரோடு பிரச்சீனா ரோட்டில் நடுவில் வந்து சேர்கிறது, கிழக்குப் பாதியை இழந்துவிடுவீர்கள். அதனால் முந்தின நாள் மாலையில் வில்பீனாவிலிருந்து ரேஸர்பேக் காட்சிமுனை வரை மட்டும் போய்த் திரும்புங்கள், ஒரு பக்கம் அரை மணி நேரம்தான். வளைந்து வளைந்து இறங்கும் மண் ரோடும் பின்னால் நீல மலையுமாக எல்லாச் சுற்றுலாப் படங்களிலும் வருமே, அது இந்த இடத்தில் எடுத்ததுதான். சூரியன் தாழ்வாக இருக்கும்போதுதான் மடிப்புகளில் நிழல் விழும். நடுப்பகலில் எடுத்தால் படம் தட்டையாக இருக்கும். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

பிரச்சீனாவில் அப்படி என்ன விசேஷம்?

பெயரைக் கேட்டால் வில்லங்கம் போல இருக்கும், ஆனால் உலகப் புவியியலாளர்கள் தேடி வரும் இடம் அது. 20 கி.மீ. நீளத்துக்கு ரோட்டோரம் விளக்கப் பலகைகள் இருக்கின்றன. கிழக்கிலிருந்து மேற்காகப் போகப் போக பாறை வயதில் இளமையாகிக்கொண்டே வரும். 60 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய படிவத்தில் தொடங்கி, 50 கோடி ஆண்டுப் பக்கம் போய் வெளியே வருவீர்கள். கடலடியில் படுக்கையாகப் படிந்த அடுக்குகள் பிற்பாடு மடங்கி நிமிர்ந்து நிற்பதால்தான் இப்படி வரிசையாகப் படிக்க முடிகிறது.

இனோரமா ஓடைக்கரையில் பாறைக்குள் ஒரு வட்ட உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். எடியாக்கரன் என்ற புவியியல் காலம் தொடங்கும் கோடு அதுதான் என்று 2004-ல் உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தகட்டுக்குக் கீழே பனியுகம் விட்டுப்போன படிவு, மேலே மங்கலான மஞ்சள் நிறத்தில் டோலமைட். சுமார் 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி உறைநிலையிலிருந்து விடுபட்ட இடத்தின் மேல் விரலை வைக்கலாம். எலும்பும் ஓடும் இல்லாத மெத்தென்ற உயிர்களின் புதைபடிவங்களை ரெக் ஸ்ப்ரிக் என்ற புவியியலாளர் 1946-ல் இதே மலைத்தொடரின் எடியாக்கரா குன்றுகளில் கண்டுபிடித்தார். அந்தக் குன்றுகளின் பெயரைத்தான் அந்தக் காலத்துக்கே வைத்தார்கள்.

பலகைகள் எல்லாவற்றிலும் நிற்க வேண்டியதில்லை. நான்கைந்தில் இறங்கிப் பார்த்தாலே போதும். தகடு இருக்கும் இடத்தையும், பாசி அடுக்குகளால் ஆன ஸ்ட்ரோமடோலைட் பாறைகளையும் தவற விடாதீர்கள்.

மஞ்சள் கால் பாறை வாலபியை எங்கே பார்க்கலாம்?

பிரச்சீனாவின் குறுகலான மேற்குப் பகுதியில், ரோட்டோரம் சரிந்து கிடக்கும் கற்குவியலில். இன்னொரு இடம் குவார்னுக்கு வடக்கே 20 கி.மீ. தள்ளி உள்ள வாரன் பள்ளத்தாக்கு. வாலில் வளையம் வளையமாகப் பழுப்புப் பட்டை இருக்கும், அதுதான் அடையாளம். இந்த மலையின் பூர்வகுடிகளான அட்னியமத்தன்ஹா மக்கள் அதை 'ஆண்டு' என்கிறார்கள்.

இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, காருக்குள்ளேயே பத்து நிமிடம் உட்காருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு கல்லுக்குக் காது முளைக்கும். அதன் பிறகு ஐந்தாறு கண்ணுக்குப் படும். அதிகாலையிலும் பிற்பகல் கடைசியிலும் வாய்ப்பு அதிகம். கதவைப் படாரென்று சாத்தினால் அவ்வளவுதான்.

சரளை ரோட்டில் எப்படி ஓட்டுவது? டயர் காற்றைக் குறைக்க வேண்டுமா?

தாரில் 36 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் சரளையில் 28 அளவுக்குக் குறைக்கலாம். காற்று குறைந்தால் டயர் கல்லைச் சுற்றி வளைந்து கொடுக்கும், இறுக்கமாக இருந்தால் கல் குத்தும். ஆனால் காற்றைக் குறைத்த டயரில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். ஆகவே குறைத்தால் 80-ஐத் தாண்டக் கூடாது, வளைவிலும் ஓடையிலும் 30, 40-தான். தார் ரோடு ஏறியதும் 12 வோல்ட் பம்பால் மறுபடி நிரப்ப வேண்டும். பம்பு இல்லாதவர்கள் காற்றை இறக்கவே வேண்டாம், வேகத்தை மட்டும் குறைத்தால் போதும்.

தகரக் கூரைத் தகடு போல ரோடு வரிவரியாக இருக்கும் இடங்களில் வண்டி உதறும், ஸ்டியரிங் கையில் நிற்காது. வேகம் எடுத்தால் உதறல் குறைவதாகத் தோன்றும். அது நிஜம்தான், ஆனால் அப்போது டயர் தரையைத் தொட்டுத் தொட்டுப் பறக்கிறது, பிரேக் பிடித்தால் கேட்காது. சரளையில் திடீர் பிரேக்கும் திடீர் ஸ்டியரிங் திருப்பமும்தான் வண்டியைக் கவிழ்ப்பவை.

எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்குங்கள். முன்கண்ணாடியை உடைக்கும் கல்லின் வேகம் இரண்டு வண்டிகளின் வேகமும் சேர்ந்தது. நாம் குறைத்தால் பாதி அடி குறையும். முன்னால் போகிறவர் கிளப்பும் தூசிக்குள் ஒருபோதும் முந்தாதீர்கள். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினால் அது வணக்கம். நீங்களும் ஒரு விரல் தூக்கினால் ஊர்க்காரர் ஆகிவிடுவீர்கள்.

பஞ்சர் ஆனால்?

சமமான, கெட்டியான தரை வரும்வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போங்கள். டயர் போனாலும் பரவாயில்லை, வளைவில் நிற்கக் கூடாது. ஹேண்ட்பிரேக் போட்டு, மூலைக்கு மூலை எதிரே உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும், ஜாக்கி சரியும்.

சரளையில் ஜாக்கி புதையும். வீட்டிலிருந்தே ஒரு அடிக்கு ஒரு அடி தடித்த பலகைத் துண்டு எடுத்துப் போனால் இந்தத் தொல்லை இல்லை. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வைத்தால் ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல் உட்காரும். நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, 50 கி.மீ. போனதும் மறுபடி ஒரு தடவை முடுக்கிப் பாருங்கள். சின்ன தற்காலிகச் சக்கரம் என்றால் அதன் மேல் எழுதியிருக்கும் வேகத்தைத் தாண்டாதீர்கள், பெரும்பாலும் 80.

கிளம்புமுன் ஸ்டெப்னியில் காற்று பாருங்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாத டயர் அதுதான்.

கங்காரு, ஈமு, ரோட் ட்ரெயின்: எது பெரிய பயம்?

கங்காருதான். சூரிய உதயத்துக்கு முன்னும் அஸ்தமனத்துக்குப் பின்னும் ஓட்டாமல் இருந்தால் முக்கால்வாசி ஆபத்து தீர்ந்தது. குறுக்கே பாய்ந்தால் நேர்கோட்டில் பிரேக் பிடியுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். கங்காரு மோதி நொறுங்குவது பம்பர். ஒடித்தால் மரத்திலோ ஓடையிலோ போய் விழுவது குடும்பம்.

ஈமு வேறு ரகம். ஒன்று குறுக்கே போனால் பின்னால் நான்கு வரும், பாதி ரோட்டில் மனசு மாறித் திரும்பவும் செய்யும். கடைசிப் பறவை போகும்வரை நின்றுவிடுங்கள். செத்த கங்காரு மேல் ஆப்பு வால் கழுகு உட்கார்ந்திருந்தாலும் வேகம் குறையுங்கள். வயிறு நிறைந்த கழுகு எழும்பவே நேரம் எடுக்கும், எழும்பும்போது கண்ணாடி உயரத்தில்தான் இருக்கும்.

ரோட் ட்ரெயின் என்பது இரண்டு மூன்று வண்டிகளை இழுக்கும் லாரி. நீளம் 36 மீட்டர், அதற்கு மேலும் உண்டு. முந்துவதற்கு எதிரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் ரோடு வெறுமையாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பின்னாலேயே போவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

மழை வந்தால் என்ன செய்வது?

மண் ரோட்டை விட்டு வெளியே வாருங்கள். ஓடைகள் வருடத்தில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கும். மேலே எங்கோ பெய்த மழைக்கு, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். தார் ரோட்டிலும் தரைப்பாலங்கள் உண்டு, ஓரத்தில் அளவுக் கம்பம் நட்டிருக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இறங்காதீர்கள். சில மணி நேரத்தில் வடிந்துவிடும் ஓடைகள்தான் பெரும்பாலும்.

ஹியூ ப்ரோபி என்ற இளைஞர் 1850-களின் தொடக்கத்தில் கன்யாகா கால்நடைப் பண்ணையைத் தொடங்கினார். 1852-ல் வில்லோக்ரா ஓடையின் வெள்ளத்தில் குதிரையோடு இறங்கி மூழ்கிப்போனார், வயது 24. இந்த ஓடைகளைக் காய்ந்த நிலையில் பார்க்கிறவர்களுக்கு அது நம்பவே முடியாததாக இருக்கும்.

'ரோடு மூடப்பட்டது' என்று பலகை இருந்தால் அது உங்களுக்கும்தான். ஈர மண்ணில் போன சக்கரத் தடம் காய்ந்து பள்ளமாகி மாதக்கணக்கில் நிற்கும். அபராதமும் உண்டு. மாநில அரசின் வெளியூர்ச் சாலை நிலவர அறிவிப்பைக் கிளம்பும் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வில்பீனா பவுண்ட் எரிமலை வாயா?

இல்லை, விண்கல் விழுந்த குழியும் இல்லை. சுமார் 17 கி.மீ. நீளமும் 8 கி.மீ. அகலமுமான கிண்ணம். கீழ்நோக்கி மடிந்த பாறை அடுக்கில் மெத்தென்ற பகுதி அரித்துப்போக, கெட்டியான குவார்ட்ஸைட் விளிம்பு மட்டும் நின்றது. அட்னியமத்தன்ஹா மக்களுக்கு அது இக்காரா, கூடும் இடம். அங்கே சடங்குக்குக் கூடியிருந்தவர்களை விழுங்கிய இரண்டு அக்குரா பாம்புகளின் உடல்கள்தான் அந்தச் சுவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. 2016-ல் பூங்காவின் பெயரும் இக்காரா-ஃப்ளிண்டர்ஸ் ரேஞ்சஸ் ஆனது.

தரையில் நின்று பார்த்தால் கிண்ணம் என்று தெரியாது. உள்ளே வாங்காரா காட்சிமுனை வரை நடந்தால் பாதி புரியும். போய்வர 7.8 கி.மீ., மூன்று மணி நேரம், கடைசித் துண்டு மட்டும் ஏற்றம். முழு வடிவம் வேண்டுமென்றால் சின்ன விமானத்தில் ஏற வேண்டும். விலை கொஞ்சம் உறைக்கும், ஆனால் இந்த ஊரில் ஒரே ஒரு ஆடம்பரம் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

செயின்ட் மேரி சிகரத்தில் ஏறலாமா?

சட்டப்படி தடையில்லை. ஆனால் பவுண்டின் விளிம்பில் உள்ள இந்த உச்சி அக்குரா பாம்பின் தலை என்பதால், அதில் ஏறாமல் தண்டெரா சேணத்தோடு (முகடுகளுக்கு நடுவே உள்ள தாழ்வு) திரும்பிவிடும்படி அட்னியமத்தன்ஹா மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். கோவில் கருவறைக்கு முன்னால் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேணத்திலிருந்தே காட்சி பிரமாதம். முழுச் சுற்று இருபது கி.மீ.க்கு மேல், பழக்கமில்லாதவர்களுக்கு ஏற்றதும் அல்ல.

பழைய காவி, கரி ஓவியங்களைப் பார்க்க ஆர்க்கரூ பாறைக்குப் போங்கள், போய்வர ஏறக்குறைய 3 கி.மீ. சேக்ரட் கேன்யனுக்கு அவர்களுடைய வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும், வில்பீனாவில் பதிவு செய்யலாம்.

நடக்க முடியாத பெரியவர்கள் கூட வருகிறார்கள். அவர்களுக்கு என்ன இருக்கிறது?

நிறைய. மேலே சொன்ன சுற்று முழுவதையும் காரை விட்டு அதிகம் இறங்காமலே பார்க்கலாம். வில்பீனா ரோட்டில் காஸ்னோ மரம் இருக்கிறது. ஹெரால்ட் காஸ்னோ என்ற புகைப்படக்காரர் 1937-ல் எடுத்த படத்தால் புகழ்பெற்ற ரிவர் ரெட் கம், இன்றும் உயிரோடு நிற்கிறது.

குவார்னில் பிச்சி ரிச்சி ரயில். 1879-ல் திறந்த குறும்பாதை, பழைய 'கான்' ரயில் 1950-கள் வரை இந்த ஊர் வழியாகத்தான் வடக்கே போனது. 'ஆப்கன்' என்று அழைக்கப்பட்ட ஒட்டகக்காரர்களை வைத்து வந்த பெயர் அது. உண்மையில் பலர் பலுசிஸ்தான், பஞ்சாப், பெஷாவர் பக்கத்துக்காரர்கள். 1866-ல் கராச்சியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களோடு போர்ட் அகஸ்டாவில் வந்து இறங்கினார்கள். நீராவி ரயில் கோடையில் ஓடாது, மற்ற மாதங்களிலும் குறிப்பிட்ட நாட்களில்தான். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். இருட்டியதும் குவார்ன் தானியக் கிடங்குச் சுவரில் ஒளிக்காட்சி போடுவார்கள், கட்டணம் கிடையாது.

ரோட்டோரம் இத்தனை இடிந்த கல் வீடுகள் ஏன்?

1865-ல் நில அளவைத் தலைவர் ஜார்ஜ் கோய்டர் ஒரு கோடு போட்டார். அதற்குத் தெற்கே பயிர் செய்யலாம், வடக்கே மழையை நம்ப முடியாது என்றார். சில வருடம் நல்ல மழை பெய்ததும், ஏர் போன இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று நம்பிக் குடியானவர்கள் கோட்டைத் தாண்டி வந்தார்கள். பிறகு வறட்சி. குவார்ன், ஹாக்கர் இரண்டுமே கோட்டுக்கு வடக்கே உள்ளவை. நீங்கள் பார்க்கும் சுவர்களில் பெரும்பாலானவை அந்த நம்பிக்கையின் மிச்சம். கன்யாகா இடிபாடு அதற்கும் முந்தையது, பெரியது. குவார்னிலிருந்து ஹாக்கர் போகும் வழியில் 40 கி.மீ. தாண்டியதும் வரும், அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சைவ உணவு கிடைக்குமா? வீட்டிலிருந்து என்ன கொண்டுபோகலாம்?

பேக்கரியும் பப்பும் உண்டு. சைவத்துக்கு சிப்ஸ், சாலட், ஏதோ ஒரு பாஸ்தா, அவ்வளவே. குவாண்டாங் என்ற புளிப்புச் சிவப்புப் பழத்தில் செய்த பை மட்டும் கண்ணில் பட்டால் விடாதீர்கள். மின்சார வசதியுள்ள கேரவன் பார்க்கில் தங்கி குக்கர் வைத்துவிட்டால் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாயோடு மூன்று நாள் ஓடிவிடும். கேஸ் அடுப்பு கொண்டுபோகிறவர்கள் தீத் தடை நாளில் எது அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மெல்பர்ன், சிட்னியிலிருந்து காரில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பழ ஈ பரவாமல் இருக்க, பிற மாநிலங்களிலிருந்து பழமும் காய்த்த காய்களும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவரத் தடை. அதாவது மாம்பழம், தக்காளி, கத்திரிக்காய், குடைமிளகாய் மட்டுமல்ல, பையோரம் மறந்து கிடக்கும் பச்சை மிளகாயும்தான். ஸ்டர்ட் நெடுஞ்சாலையில் யாம்பா, ப்ரோக்கன் ஹில் பக்கமிருந்து வந்தால் ஊட்லா விர்ரா ஆகிய இடங்களில் சோதனைச் சாவடி உண்டு. காய்கறியை மாநிலத்துக்குள் வந்து வாங்குங்கள்.

தண்ணீர், பெட்ரோல், போன் சிக்னல்?

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், அதற்கு மேல் ஒரு கேன் உபரி. ஹாக்கரில் டேங்கை நிரப்புங்கள், பாதி குறைந்தால் கிடைக்கிற இடத்தில் மறுபடி நிரப்புங்கள். சிக்னல் ஊருக்குள் மட்டும், அதிலும் டெல்ஸ்ட்ரா வலைதான் பரவாயில்லை. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், பூங்கா அனுமதிச் சீட்டையும் சிக்னல் இருக்கும்போதே இணையத்தில் வாங்கிவிடுங்கள். அவசரத்துக்கு 000. வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடந்து போகாதீர்கள். தேடி வருகிறவர்களுக்கு ஆளைவிட கார் சீக்கிரம் தெரியும்.

இரவில் வானம் நன்றாகத் தெரியுமா?

அமாவாசையை ஒட்டிப் போனால் பால்வீதியின் நிழலோட்டம் கூடத் தெரியும். சப்தரிஷி மண்டலத்தையும் அருந்ததியையும் தேடாதீர்கள், இங்கே அவை அடிவானத்தைத் தாண்டி ஏறுவதே அரிது. அதற்குப் பதிலாக, நம் ஊரில் தெற்கே தாழ்வாக மினுக்கும் அகத்திய விண்மீன் இங்கே ஏப்ரல் முன்னிரவில் தென்மேற்கு வானில் உயரமாக நிற்கும். இன்னும் இருட்டான வானம் வேண்டுமென்றால் ஆர்க்கரூலா. ஆனால் அது வில்பீனாவிலிருந்து இன்னொரு அரை நாள், பெரும்பகுதி மண் ரோடு. இரண்டு இரவாவது கூடுதலாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

நாய், டிரோன், விறகு?

தேசியப் பூங்காவுக்குள் மூன்றுக்கும் இடமில்லை. நாயை அழைத்துப் போக முடியாது, அனுமதியின்றி டிரோன் பறக்கவிடக் கூடாது, கீழே கிடந்தாலும் விறகு பொறுக்கக் கூடாது. கல்லும் புதைபடிவமும் அப்படியே. சின்னக் கூழாங்கல்தானே என்று பையில் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளின் சட்டைப் பையைக் கிளம்புமுன் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.